அமல்ஃபியில் நான் போட்ட பை

பஸ்ஸில் இடம் பிடிக்கத் தெரியாதவர்களை நான் முழு மனிதர்களாக மதித்ததே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு எனக்கு நேர்ந்த அவமானம் அத்தனைக்கும் இந்தத் திமிர்தான் காரணம்.

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் இருபத்துமூன்று வருஷம் வேலை பார்த்தேன். வீடு அண்ணனூரில். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குள் ஆவடி பஸ் திரும்பும்போது நீங்கள் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும். வண்டி நிற்கட்டும் என்று காத்திருக்கிற நல்லவர்கள் எல்லாம் ஆவடி வரைக்கும் நின்றுகொண்டேதான் போவார்கள். வண்டி திரும்பும்போதே கூட ஓடி, திறந்த ஜன்னலாகப் பார்த்துப் பையை உள்ளே வீசிவிட வேண்டும். அப்புறம் மகாராணி மாதிரி நிதானமாகப் படியேறலாம். பை போட்ட இடத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். குடித்துவிட்டு கண்டக்டரை அடிக்கப் போகிறவன்கூட அந்தப் பையைப் பார்த்தால் மரியாதையாகத் தள்ளி நின்றுகொள்வான்.

கைக்குட்டை போடுவதெல்லாம் கத்துக்குட்டிகள் வேலை. காற்றடித்தால் பறந்துவிடும். நான் அம்பத்தூர் ஓ.டி.யில் வாங்கிய பழுப்பு நிற ரெக்சின் பையில், அடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்து எடை ஏற்றி வீசுவேன். ஒரே வீச்சு. ஜன்னலோர இருக்கையில் 'தொப்' என்று விழும். ஒருநாள் பை ஒரு சீட்டுக்குப் போய்விட, எங்கள் அக்கவுண்ட்ஸ் மேடத்துக்காக இடது கால் செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டேன். மேடம் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆவடி வரை கௌரவமாக உட்கார்ந்து வந்தார். (இன்னும் நன்றியோடு பேசுவார். செருப்பைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்கு அழைத்துப் போனார்கள்.

எங்கள் ஒரே மகள் நிவேதா, நிவி, சிவில் படித்தாள். உதவித்தொகை கிடைத்து, சலேர்னோ என்கிற கடற்கரை ஊரில் மேல்படிப்பு. கடல் கரையை எப்படித் தின்கிறது என்று இரண்டு வருஷம் ஆராய்ச்சி. "எண்ணூர்ல போயி நின்னா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே, இதுக்கு ஏன் இத்தாலி?" என்று கேட்டவர் என் வீட்டுக்காரர். ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து அப்போதுதான் ரிட்டையர் ஆகியிருந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்துகொண்டு மிக்ஸியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, அம்மாவும் அப்பாவும் வந்தே ஆக வேண்டும் என்று நிவி பிடிவாதம் பிடித்தபோது, மிக்ஸி தப்பித்தது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

போய் இறங்கிய அன்றைக்கே அவள் கைகளைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. இரண்டு வருஷமும் விடிகாலையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போயிருக்கிறாள். வீட்டில் ஒரு தட்டைக் கழுவ மாட்டாள், சனியன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

வைவாவுக்கு முந்தின நாள்தான் கதை. பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆய்வேடு ஒரே ஒரு பிரதி. அதையும் அவளுடைய அடையாள அட்டையையும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேஜைமேல் வைத்தால்தான் வைவா. இல்லாவிட்டால் நாலு மாதம் கழித்து அடுத்த முறை. அதற்குள் அவளுக்காகச் சொல்லி வைத்திருந்த வேலை போய்விடும், விசாவும் முடிந்துவிடும். மூட்டை கட்டிக்கொண்டு அண்ணனூருக்கு வர வேண்டியதுதான். இதையெல்லாம் அவள் எனக்குத் தெளிவாகச் சொன்னாள். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப அதையெல்லாம் எங்கிட்ட குடு" என்று ரெக்சின் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எதுக்கும்மா?"

"நாளைக்குப் பரீட்சை. சாமி காலடியில வெச்சு எடுக்க வேணாமா?"

பத்தாவதிலிருந்து இவள் எழுதிய பரீட்சை எதுவாக இருந்தாலும், ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் கையில் கொடுப்பேன். சலேர்னோவில் பிள்ளையார் இல்லை என்பது என் குற்றமா?

"பக்கத்துல பெரிய சாமி எங்க கீறாரு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

நிவி பெருமூச்சு விட்டாள். "அமல்ஃபின்னு ஒரு ஊர் இருக்குப்பா. அங்க பெரிய சர்ச். ஏசுவோட சீடர் ஒருத்தரையே அங்கதான் பொதைச்சு வெச்சிருக்காங்க. ஆனா எனக்கு உக்காந்து ஒருதடவை பேசிப் பாக்கணும், விடுங்களேன்."

நேரடிச் சீடர்! சிபாரிசுக்கு இதைவிடப் பெரிய ஆள் எங்கே கிடைப்பார்? வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பம்தானே நாங்களும். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சத்தியம் செய்து, மூன்று பாஸ்போர்ட், அவள் அட்டை, ஆய்வேடு, ஒரு டப்பா முறுக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு படகேறினேன். (இத்தாலியில் எல்லாரும் ஜேப்படித் திருடர்கள், அதனால் எல்லாவற்றையும் ஒருத்தரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நான் யூட்யூபில் கற்ற பாடம். இத்தாலியில் என்னை ஒரு பொருளைப் பறிகொடுக்க வைத்த ஒரே ஆள் நான்தான்.)

அமல்ஃபியைப் பார்த்ததும் ஊர் உலகமே வாயைப் பிளக்கிறது. பழைய காலத்தில் கப்பல் விட்டுக் கடலையே ஆண்ட ஊராம். செங்குத்தான மலை, அதன்மேல் ஒன்றின் தலையில் ஒன்றாக வீடுகள், கீழே நீலக் கடல். என் வீட்டுக்காரர் படகிலிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா தனம், பிளான் அப்ரூவல் வாங்காம கட்ன மாரி கீது?"

"வாய மூடிக்கினு வாங்க."

"இல்ல, மேல் ஊட்டுக்காரன் தண்ணி ஊத்துனா கீழ் ஊட்டுக்காரன் தலையில உய்யுமே, சண்ட வராதா?"

கரையில் இறங்கினால் கடைக்குக் கடை எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றும் பப்பாளி அளவு. ரோசா என்று ஒரு பெண்மணி, என் வயசுதான் இருக்கும், தன் மூன்று சக்கர லோடு வண்டியிலேயே கடை போட்டிருந்தாள். நான் ஒவ்வொரு பழமாக எடுத்து அமுக்கி, மோந்து, திருப்பி வைத்தேன். பதினைந்தாவது பழத்தில் அவள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க நிவி மறுத்துவிட்டாள். அவர் ஒரு பழத்தைக் கையில் ஏந்தி யோசித்தார். "இத்த வண்டிச் சக்கரத்துக்குக் கீய வெச்சா வண்டியே கவுந்துடும்" என்றார்.

சர்ச்சுக்கு அறுபத்திரண்டு படி. அவர் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக்கொண்டே முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சீடர் நிலவறையில் இருந்தார். பளிங்கும் ஓவியமுமாக அவ்வளவு அழகு. நான் அதையெல்லாம் பார்க்கவா போனேன்? கம்பித் தடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, ஆய்வேட்டையும் அட்டையையும் படிமேல் வைத்தேன். பர்ஸிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து முதல் பக்கத்தில் நாலு மூலையிலும் தடவினேன். காவலாளி ஓடி வந்தார். நிவி அவரிடம் என்னவோ கெஞ்சினாள். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பத்து விநாடி என்றார். நம் ஊர்க் கோயிலில்கூட அவ்வளவுதானே விடுவார்கள்! எனக்குப் பரம திருப்தி.

வெளியே வந்தால் காற்று. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போகிற படகெல்லாம் ரத்து. படகில் போக வேண்டிய கூட்டம் முழுக்கக் கடலோரத்தில் இருந்த பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டது. வரிசை கிரிசை ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் வந்தது, நிரம்பியது, போனது. இன்னொன்று வந்தது, நிரம்பியது, போனது. இரண்டிலும் கண்ணாடி முழுக்க மூடியிருந்தது, ஏ.சி. வண்டி.

மணி நாலாகிவிட்டது. நிவி நகத்தைக் கடித்துக்கொண்டு தன் உரையை முணுமுணுக்க ஆரம்பித்தாள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் எனக்குள் எழுந்து நின்றது.

"அம்மா," என்றாள் நிவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "இங்க அந்த மாதிரி எதுவும் பண்ணக் கூடாது. சொல்லிட்டேன்."

"நான் இன்னா பண்ணிட்டேன்?"

"நீ தோள்லேருந்து பையை இறக்கிட்ட."

அந்த நேரத்தில்தான் மூன்றாவது பஸ் திரும்பியது. பழைய வண்டி, வெள்ளை நிறம். தெய்வமே, ஜன்னல்கள் தள்ளித் திறக்கிற ஜன்னல்கள்! எல்லாம் திறந்தே கிடந்தன. மற்ற பஸ்ஸெல்லாம் நீலமாக இருக்க இது மட்டும் ஏன் வெள்ளை, மற்றதெல்லாம் மூடியிருக்க இது மட்டும் ஏன் திறந்திருக்கிறது என்று ஒரு சாதாரண மூளை யோசித்திருக்கும். என் மூளைக்கு இருபத்துமூன்று வருஷ சர்வீஸ். அது யோசிக்கவில்லை. கால் ஓடியது, கை சுழன்றது, பை பறந்தது. மூன்றாவது ஜன்னல், ஓர இருக்கை. 'தொப்.'

திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "புடிச்சாச்சு! வாங்க, வாங்க!"

நிவியின் முகத்தில் ரத்தமே இல்லை.

படிக்கட்டுக்கு ஓடினேன். அங்கே தங்கச் சரிகை வைத்த தொப்பியும் சீருடையுமாக ஒரு மீசைக்காரர் வழிமறித்தார். கண்டக்டர்தான் என்று நினைத்தேன். (அவ்வளவு சரிகை போட்ட கண்டக்டரை எங்கே பார்த்திருக்கிறேன்? வெளிநாடாயிற்றே என்று விட்டுவிட்டேன்.) அவர் கையை ஆட்டினார். நான், "மை சீட்! மை பேக்! மை சீட்!" என்று ஜன்னலைக் காட்டிக் கத்தினேன். என்னை இடித்துக்கொண்டு அதே சீருடையில் இருபது முப்பது ஆண்கள் ஏறினார்கள். ஒருத்தர் கையில் டிரம்பெட். ஒருத்தர் தோளில் பெரிய டிரம். கடைசியாக வந்த வெள்ளை முடிக்காரர் உடம்பைச் சுற்றி ஓர் அண்டா அளவு பித்தளைக் குழல்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் அமைதியாகச் சொன்னார். "தனம், இது பேண்டு செட்டு வண்டிமா."

கதவு மூடியது. முன்னால் போக்குவரத்துப் போலீஸ்காரம்மா ஒருத்தர், வழியை அடைக்காதே, நகரு நகரு என்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓடி, வண்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினேன். பதற்றத்தில் தட்டியது இரண்டு தட்டு. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் ரைட், போகலாம் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தாலிக்கார டிரைவருக்கும் எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வேகமெடுத்துப் போயே போய்விட்டான்.

நிவி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. கரையில் படகு கட்டுகிற இரும்பு முளையின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். "அம்மா, என் ரெண்டு வருஷமும் அதுலதாம்மா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தோல் உரிந்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இந்த வயசில், இத்தனை பேர் முன்னால், மகளுடைய பிழைப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறேன். அதுவும் குறி தவறாமல்.

கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு ஓடினாள். அது எங்கள் வண்டியே இல்லை, எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று சீடரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பத்து விநாடிதானே விட்டாய், அதற்கேற்ற பலனைக் கொடுத்துவிட்டாயே என்று.

என் வீட்டுக்காரர் எங்கே என்று பார்த்தால், ரோசாவின் எலுமிச்சை வண்டி முன்னால் நிற்கிறார். அவருக்கு இத்தாலி மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலம்கூட ஃபேக்டரி ஆங்கிலம்தான். அதனால் அவர் நடித்துக்கொண்டிருந்தார். முதலில் கன்னத்தை உப்பி டிரம்பெட் வாசித்தார். அப்புறம் வயிற்றில் டிரம் அடித்தார். அப்புறம் ஸ்டியரிங் பிடித்தார். கடைசியாக என்னைக் காட்டி, ஒரு பையைச் சுழற்றி எறிந்து, தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கடைசிப் பகுதியை அவர் தேவைக்கு அதிகமாகவே இரண்டு முறை நடித்தார்.

ரோசா என்னைப் பார்த்தாள். பதினைந்து பழத்தை அமுக்கியவள் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் கடுத்தது. அப்புறம் நிவி அழுதுகொண்டு ஓடி வருவதைப் பார்த்தாள். நிவி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, ரோசா என்னிடம் திரும்பி நீளமாக ஒரு வசவு விட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. என் அம்மா இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மலைமேல் ஒரு சின்ன ஊரில் அன்றைக்குத் திருவிழாவாம். பேண்டு செட்டு அங்கேதான் போகிறது. "ஏறுங்க" என்று ரோசா கையைக் காட்டினாள். நிவி முன்னால் அவளோடு ஒட்டி உட்கார, நானும் அவரும் பின்னால் எலுமிச்சைப் பெட்டிகளுக்கு நடுவில் குந்தினோம். ஆள் ஏற்றக் கூடாத வண்டிதான். விசில் ஊதிய போலீஸ்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தனம், இது நம்ம ஊரு லோடு ஆட்டோதான், இன்னா சொல்றே?" என்றார் அவர், குஷியாக.

"பேசாதீங்க."

"இஞ்சின் சத்தத்தப் பாரு. அதேதான். இத்தாலிக்கு வந்தும் லோடு ஆட்டோல போவ வெச்சிட்டியே, நீ கிரேட்டு."

அந்த மலைப்பாதை உலகத்திலேயே அழகான பாதைகளில் ஒன்றாம். கொண்டை ஊசி வளைவுகள், படிப்படியாக எலுமிச்சைத் தோட்டங்கள், கீழே கடல், இதைப் பார்க்க ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து வருகிறார்களாம். நான் பார்த்தது ஒரு மரப்பெட்டியின் அடிப்பாகம். ஒவ்வொரு வளைவிலும் பப்பாளி அளவு பழம் ஒன்று உருண்டு வந்து என் காலில் இடித்தது. சரியான தண்டனை என்று வாங்கிக்கொண்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தால் சர்ச் வாசலில் அந்த வெள்ளை பஸ் நின்றது. நான் குதித்து ஓடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஜன்னல், ஓர இருக்கை. காலி. பை இல்லை. பின்னாலேயே வந்த நிவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தனம்," என்றார் அவர். "அங்க பாரு."

சர்ச் முன்னால் திறந்த சதுக்கத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பொதுக்கூட்டம் மாதிரியே பிளாஸ்டிக் நாற்காலி. ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது, உட்கார இடமில்லாமல் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். முதல் வரிசையில் பாதிரியார். ஒரு நாற்காலி தள்ளி, மார்பில் பட்டை கட்டிய மேயர். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில், கம்பீரமாக, அம்பத்தூர் ஓ.டி. ரெக்சின் பை.

நிவி பாய்ந்து போய்ப் பையைத் திறந்தாள். ஆய்வேடு, அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் அப்படியே இருந்தன. ஆய்வேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், ஏழு வயசுப் பெண் மாதிரி விசும்பினாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ரோசாவும் அழுதாள். என் வீட்டுக்காரர் மேயருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கச் சரிகை மீசைக்காரர் ஓடி வந்தார். அவர் பேண்டு மாஸ்டராம். அவர் விளக்கியதை நிவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"நீ ஓடி வந்து என் சீட்டு, என் சீட்டுன்னு கத்துனியாம். சரி, திருவிழாவுக்கு வர்ற விருந்தாளிதான் போலன்னு பஸ்ல உன் சீட்டைக் காலியா விட்டுட்டாராம். முதல்ல பேண்டுக்காரங்க ஏறட்டும்னுதான் கையை ஆட்டுனாராம், அதுக்குள்ள போலீஸ் விரட்ட வண்டி கெளம்பிடுச்சாம். பின்னாடி எதாவது வண்டியில வருவேன்னு நெனச்சு, இங்க வந்ததும் உனக்கு முன்வரிசையில இடம் போட்டு வெச்சிருக்காராம்."

"பையத் தொறந்து பாக்கலியா?"

"அடுத்தவங்க பையை எப்படித் தொறக்கறதுன்னு கேக்கறார்."

பஸ்ஸில் ஓர் இருக்கை குறைந்ததால், பித்தளை அண்டாவைச் சுற்றிக்கொண்ட அந்த வெள்ளை முடிக்காரர் அத்தனை வளைவுகளிலும் நின்றுகொண்டே வந்திருக்கிறார். முட்டியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பைக்கு இத்தாலியிலும் மரியாதை இருக்கிறது என்று ஒரு பக்கம் பூரித்தேன், இன்னொரு பக்கம் கூசிப்போனேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றால் விடுவார்களா? விருந்தாளி நாற்காலியில் விருந்தாளி உட்கார்ந்தே ஆக வேண்டும். சேலை முழுக்க எலுமிச்சை இலையும் தூசியுமாக, பாதிரியாருக்கும் மேயருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. குற்ற உணர்ச்சியில் முறுக்கு டப்பாவைத் திறந்து, அந்த வெள்ளை முடிக்காரருக்குக் கொடுத்தேன். அவர் கடித்துவிட்டுக் கண்ணை அகலவிரித்துப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார். டப்பா பேண்டு முழுக்கப் போய்வந்தது. அந்த நேரம் பார்த்துச் சாமி சிலை வாசலுக்கு வந்தது, பேண்டு மாஸ்டர் கோலைத் தூக்கினார், ஒரு சத்தம் வரவில்லை. வாயெல்லாம் முறுக்கு. டிரம்காரர் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்க, டிரம்பெட்காரர் குழலுக்குள் போன தூளை ஊதி ஊதித் தட்டிக்கொண்டிருந்தார். சாமி வாசலிலேயே காத்திருந்தது. பாதிரியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேயரைப் பார்த்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ரோசா எங்களைக் கீழே இறக்கி, அடுத்த நீல பஸ்ஸில் தன் கையாலேயே தள்ளி ஏற்றிவிட்டாள். சலேர்னோ வரை மூன்று பேரும் நின்றுகொண்டுதான் வந்தோம். பையை நிவி எனக்குத் தரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வேடு மேஜைமேல் இருந்தது. தலைமைப் பேராசிரியர் முதல் பக்கத்தைத் திறந்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நிவி பின் வரிசையில் இருந்த என்னைக் காட்டினாள். நான் நாற்காலிக்குக் கீழே போய்விடப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பரீட்சையன்று தன் அம்மாவும் சட்டைப் பையில் உப்புப் போட்டு அனுப்புவார் என்று சொன்னாராம். அப்புறம் அவளை முக்கால் மணி நேரம் துருவி எடுத்தார். முழு மதிப்பெண். வெளியே வந்ததும் தோழிகள் அவள் தலையில் இலைகளால் ஆன ஒரு கிரீடத்தை வைத்தார்கள். அந்த ஊர் வழக்கமாம்.

"இன்னா தனம், பிரியாணி எலைய தலையில வெச்சிகினு கீதுங்க?" என்றார் அவர். சொல்லிவிட்டுத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நிவிக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். எனக்குக் கிடைத்தது கெட்ட பெயர். எந்தக் கல்யாணத்தில் பந்திக்குக் கூட்டம் சேர்ந்தாலும் என் நாத்தனார், "அண்ணியை வுடுங்கப்பா, பையோட வந்துகினு கீறாங்க" என்று சத்தமாக வழிவிடச் சொல்வாள். நான் ரயிலேறினால் என் பையைப் பிடித்துக்கொள்ளவே என் வீட்டுக்காரர் கூட வருகிறார். ஆவடியில் இப்போது வருகிற புது பஸ்களில் ஜன்னலே திறப்பதில்லை. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அப்படிச் செய்தார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

போன வருஷம் அந்த மலை ஊர்த் திருவிழாவுக்கு நிவி ரோசாவோடு போயிருக்கிறாள். அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள். அதே சதுக்கம், அதே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமெல்லாம் நிற்கிற கூட்டம். முதல் வரிசையில் பாதிரியாருக்கும் மேயருக்கும் நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் யாருடையதோ ஒரு பழைய பை. யாருக்கு இந்த இடம் என்று இவள் கேட்டிருக்கிறாள். முறுக்கு அம்மாவுக்கு என்றாராம் பேண்டு மாஸ்டர். இரண்டு வருஷமாகவே அப்படித்தான் வைக்கிறார்களாம்.

என் வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாம எப்பப் போவோம்னு தெரியலியே," என்றேன். "அதுவரைக்கும் வேற யாராவது உக்காந்துட்டா?"

"எவன் உக்காருவான்?" என்றார் அவர். "அதான் பை போட்டு கீதே."